எடுத்துக் கொடுத்த வசனம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் நூலக அரங்கில் நடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு நாடகக் குழுக்கள். கீழே பாப்பாவின் அம்மாவுடையது, மாடியில் அவள் அப்பாவுடையது. இருவருமே இயக்குநர்கள், இருவருமே பேர் வாங்கியவர்கள், இருவரும் ஒத்துப்போகிற விஷயம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

அம்மா ஒத்திகை பார்க்கும் தரை முழுக்க சாக்பீஸில் பெருக்கல் குறிகள். நடிகர் அந்தக் குறியில்தான் நிற்க வேண்டும், எழுதினதை எழுதினபடிதான் பேச வேண்டும். 'பிறகு' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'அப்புறம்' என்று சொன்னால் அம்மாவின் புருவம் உயரும். அடுத்து, "மறுபடி" என்பாள். சரியாக வரும்வரை மறுபடி, சரியாக வந்ததை உறுதி செய்துகொள்ள இன்னொரு மறுபடி.

அப்பாவிடம் வசனம் என்ற பேச்சே கிடையாது. நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் கையில் ஒரு சைக்கிள் மணி இருக்கும். 'ட்ரிங்' என்று அடித்தால் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேரும் அந்த நிமிஷமே வேஷத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நீதிபதி திருடனாவான், திருடன் நீதிபதியாவான். "என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறான் பாரு, அந்த முழிதான் நாடகம்" என்பது அவர் கட்சி.

இந்த இருவரையும் மேடையில் உட்கார வைத்துத் தங்கள் தொழிலைப் பற்றி ஊர் முன்னால் பேச வைக்கலாம் என்று நூலகத்து அம்மாவுக்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியவில்லை. போன வாரம் முதல் உரையாடல். அம்மா குறி போட்ட இடத்தில் நாற்காலியைப் போட்டாள். அப்பா நகர்த்தினார். அம்மா திரும்பப் போட்டாள். அவர் திரும்ப நகர்த்தினார். அதோடு நேரம் முடிந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்க வந்த பேராசிரியர் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போனார். இந்த வாரம் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். பேசாத தொண்டை எப்படிக் கட்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே இன்றைக்கு நடு நாற்காலி பாப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

பாப்பா என்றால் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியாகிவிட்டது. வீட்டில் ஒரே பிள்ளை, அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கீழ்க்குழுவில் அவள் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பாள். மேல்குழுவில் எடுத்துக் கொடுக்க வசனமே இல்லாததால், "நேத்து அழகா ஒண்ணு சொன்னீங்களே சார், அது இங்க சேரும்" என்று காதைக் கடிப்பாள். மத்தளத்துக்காவது இடி வலமும் இடமும்தான். இவளுக்கு மேலேயும் கீழேயும்.

அந்தப் பாப்பா இரண்டு குழுவையும் விட்டுப் போகப் போகிறாள்.

பழைய பேருந்து ஒன்றில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கூட்டம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இயக்குநர் என்று ஒருவரே கிடையாதாம். எல்லோருமாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்களாம். போனில் அதைக் கேட்டபோது பாப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். நாளைக் காலையில் பேருந்து புறப்படுகிறது, வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவளால் முடியாது. பிறந்ததிலிருந்து அம்மா தலையை அசைத்த பிறகுதான் அவள் எதையும் ஆரம்பித்திருக்கிறாள். "போயிட்டு வா" என்ற அந்த இரண்டு சொல்லை அம்மா வாயால் கேட்காமல் பேருந்தில் ஏறினால் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் ஒருமுறை முயன்று பார்த்தாள். அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"'ஒரு விஷயம் சொல்லணும்'னு ஆரம்பிக்காதே. நோஞ்சான் ஆரம்பம். நேரா விஷயத்துக்கு வா."

"ஏன், அவ தயங்கட்டுமே" என்றார் அப்பா படியிலிருந்து. "தயக்கத்துலதான் உயிர் இருக்கு."

"தயங்கித் தயங்கி உங்க நாடகம் விடியற வரைக்கும் ஓடுது. காவக்காரர் வந்து கதவைப் பூட்டினாத்தான் முடியுது."

"உங்க நாடகம் சரியான நேரத்துக்கு முடியும். பார்க்கிறவங்க அதுக்கு முன்னாடியே தூங்கிடுவாங்க."

அப்புறம் என்ன, காபி ஆறி அவலானதுதான் மிச்சம். பாப்பா தன் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

அங்கே லைட் மாமா ஒரு பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. இரண்டு குழுவுக்கும் விளக்குப் போடுபவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் வீட்டுக்குள்ளே கையைக் காட்டுவார். பேருந்து விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"சொல்லிட்டியா?"

"எங்க மாமா. வாயைத் திறந்ததும் ஒத்திகை ஆரம்பிச்சிடுது."

"இந்த வீட்டுல வாயைத் திறந்தாலும் விமர்சனம், மூடினாலும் விமர்சனம்." மாமா பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணு யோசிச்சியா? அக்காவும் அத்தானும் இன்னொருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கிற இடம் உலகத்துல ஒண்ணுதான் இருக்கு. மேடை. அங்க யாராவது எழுந்து நின்னு பேசிட்டிருந்தா குறுக்கே பேசமாட்டாங்க. தொழில் மரியாதை."

பாப்பா பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் எதுவும் சொல்லலைம்மா" என்றார் மாமா அவசரமாக. "நாளைக்கு என் பேரை இழுக்காதே."

சாயங்காலம் அரங்கு நிரம்பிவிட்டது. போன வாரச் சண்டை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. நூலகத்து அம்மா விவரமானவள். மூன்று நாற்காலிகளின் கால்களையும் கயிற்றால் ஒன்றோடொன்று இறுகக் கட்டி வைத்திருந்தாள். அப்பா ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மூன்றும் சேர்ந்து வந்தன. விட்டுவிட்டார்.

இன்றைய பொருள், 'ஒத்திகை எதற்கு?'

"ஒரு தடவை நல்லா வந்தது அதிர்ஷ்டம்" என்று ஆரம்பித்தாள் அம்மா. "நூறு தடவை நல்லா வந்தாத்தான் அது கலை. எங்கிட்ட வர்ற பொண்ணு அழற காட்சியில எந்தச் சொல்லுக்கு எந்தக் கண்ணுல முதல்ல தண்ணி வரணும்னு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருப்பா."

"வலது கண்ணா, இடது கண்ணா?" என்றார் அப்பா.

"ஜனங்க உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கண்ணு."

அரங்கு சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டு மணியை மடியில் வைத்துக்கொண்டார். "அழுகையை மனப்பாடம் பண்ணினா அது அழுகையில்ல, தண்ணி குழாய். நான் என் ஆளுங்களுக்கு எதுவும் சொல்லித் தர்றதில்லை. சொல்லிக் கொடுத்தது மறந்துபோகும். மறந்து நிக்கிறான் இல்ல, அப்பத்தான் எனக்கு நாடகம் ஆரம்பிக்குது."

முன்வரிசையில் ஒரு பல் டாக்டர் கையைத் தூக்கினார். "சார், நான் தெரியாமத்தான் கேக்கிறேன். மறந்து நிக்கிறப்பத்தான் எனக்குத் தொழில் ஆரம்பிக்குதுன்னு நான் சொன்னா, நீங்க எங்கிட்ட வந்து வாயைத் திறப்பீங்களா?"

இந்தமுறை அம்மா கைதட்டினாள். அப்பா பதிலுக்கு ஏதோ சொல்ல, அம்மா மறுக்க, பேச்சு சூடு பிடித்தது. நடுவில் இருந்த பாப்பாவின் காதில் அது எதுவும் விழவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எழுந்து நின்றாள்.

எழுந்தவள் நாற்காலிக்கு முன்னால் அம்மா போட்டிருந்த குறியைத் தாண்டிப் போய் நின்றாள். பேச்சு சட்டென்று நின்றது. மாமா சொன்னது சரி, மேடையில் ஒருவர் பேச எழுந்ததும் இருவருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

"அம்மா, அப்பா, நான் வீட்டை விட்டுப் போறேன்" என்றாள் பாப்பா. "நாளைக்குக் காலைல. ஒரு பஸ்ல ஊர் ஊராப் போய் நாடகம் போடறாங்க, அவங்களோட. அங்க இயக்குநர் கிடையாது. எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் கோபம் இல்லை. நான் மத்தவங்க வசனத்தையே எடுத்துக் கொடுத்திட்டிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு சொல்லிப் பார்க்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாள்.

பிறகு கைதட்டல் கிளம்பியது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். பேச்சுக்கு நடுவே நடித்துக் காட்டும் செயல்முறை விளக்கம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எல்லோரும் என்றால், பெற்றவர்களும் சேர்த்துத்தான்.

"பிரமாதம்" என்றார் அப்பா. முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா, ஒத்திகையே இல்லாம."

"நல்லா இருந்துச்சு, இல்லைங்கலை" என்றாள் அம்மா. "ஆனா 'நாளைக்குக் காலைல'ங்கிற இடத்துல ஓடிட்டே. அங்க ஒரு மூச்சு விடணும். மறுபடி."

இதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பாப்பா பேசாமல் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, மறுபடி எழுந்து வந்து, முதலிலிருந்து சொன்னாள். 'நாளைக்குக் காலைல' என்ற இடத்தில் மூச்சும் விட்டாள். பிறந்ததிலிருந்து பழகின பழக்கம் வேறு என்ன செய்யும். பாதியில்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அம்மா, நான் நடிக்கலை."

"அந்த வரி வேண்டாம்" என்றாள் அம்மா. "நடிக்கலைன்னு வாயால சொல்லக் கூடாது, பாக்கிறவங்களுக்குத் தெரியணும். அப்புறம் அந்த இயக்குநர் இல்லாத குழு, அதையும் எடுத்துடு. நம்பற மாதிரி இல்லை."

"அதுல நான் உங்க பக்கம்" என்றார் அப்பா. "இயக்குநர் இல்லாம எப்படிக் குழு நடக்கும்?"

கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. விளக்குப் பெட்டிக்குப் பின்னால் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒத்துப்போனதில் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கை தானாக மணிக்குப் போனது. 'ட்ரிங்.'

"இடம் மாறுங்க. டைரக்டரம்மா, நீங்க பாப்பா. பாப்பா, நீ அம்மா."

அம்மா அந்த மணிக்கு இதுவரை ஒருநாளும் அசைந்ததில்லை. இன்றைக்கு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, பல் டாக்டர் வேறு முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதெல்லாம் ஒரு வித்தையா? ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும், ஒரு எழுத்து மாறாம சொல்லுவேன்" என்று எழுந்தாள். பாப்பா நின்ற இடத்தில் போய் நின்றாள். பாப்பா அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா, நான்..." என்றாள் அம்மா.

நின்றுவிட்டது.

"நான்..."

எத்தனையோ நாடகத்தின் எத்தனையோ வசனத்தைத் தலையில் வைத்திருப்பவள் அம்மா. அவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. உதடு அசைந்தது, குரல் எழும்பவில்லை. எங்கே மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கே விளங்காமல் பாப்பாவைப் பார்த்தாள்.

யாராவது வசனம் தெரியாமல் நின்றால் பாப்பாவின் வாய் அவளைக் கேட்காது.

"வீட்டை விட்டுப் போறேன்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுக்கிற குரலில் நடிப்பு இருக்கவே கூடாது. அழுகை வசனமானாலும் சிரிப்பு வசனமானாலும் சொல்லை மட்டும் மொட்டையாக நீட்ட வேண்டும், உணர்ச்சி நடிகருடைய பொறுப்பு. இதைப் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். அன்றிலிருந்து அந்தக் குரல் ஒரு நாளும் ஏறினதில்லை, இறங்கினதில்லை.

இன்றைக்கு அது நடுங்கியது.

அம்மா அதைக் கேட்டாள். நடிக்கவே கூடாத குரலில் நடுக்கம் வந்தால் அது எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாதா.

"நிஜமாவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நிஜம்மா."

"அந்த பஸ்ஸும்?"

"அதுவும்."

"இயக்குநர் இல்லாததும்?"

"அதுவும்தாம்மா."

மூன்றில் எது அம்மாவை அதிகம் அடித்தது என்று சொல்வது கஷ்டம். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. மணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், அது தெரியாத்தனமாக அடித்துவிடுமோ என்று பயந்த மாதிரி.

"நீ இப்ப என் இடத்துல உட்கார்ந்திருக்கே" என்றாள் அம்மா. "நான் என்ன சொல்லணும்?"

"'போயிட்டு வா'ன்னு சொல்லணும்மா."

அம்மா யோசித்தாள்.

"அதை நான் சொல்லமாட்டேன்" என்றாள். பக்கத் திரையை விலக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். அப்பா பின்னாலேயே ஓடினார். என்ன செய்வதென்று தெரியாமல் மாமா எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்.

அரங்கு இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. விளக்கு வந்தபோது பல் டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒத்திகை எதுக்குன்னு இப்பத்தாம்மா புரிஞ்சுது. எத்தனை மாசம் பண்ணினீங்க?" என்று பாப்பாவைக் கேட்டார். நூலகத்து அம்மா, அடுத்த வாரமும் இதையே அப்படியே செய்ய முடியுமா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா கையை விடுவித்துக்கொண்டு தன் பையை எடுத்தாள். வாய் திறந்தால் அழுதுவிடுவாள்.

வீட்டுக்கு மாமாவோடு நடந்தாள்.

"போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேன் மாமா."

"அசடு மாதிரிப் பேசாதே."

"அம்மா சொல்லமாட்டேன்னுட்டாங்களே. அவங்க ஒண்ணு சொன்னா மாத்தவே மாட்டாங்க."

மாமா ஆமென்று தலையை ஆட்டினார். உண்மை அதுதானே.

தெரு திரும்பியதும் பார்த்தார்கள். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிலைப்படிக்கு வெளியே அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"வா. இங்க வந்து நில்லு."

வாசலுக்கு வெளியே, தெருப் பக்கமாக ஒரு பெருக்கல் குறி. கோடு பிசகாத, அம்மா கைக் குறி. பாப்பா பையும் கையுமாக அதில் போய் நின்றாள்.

"கொஞ்சம் இடது பக்கம். ஆங், போதும்." அம்மா தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "காலைல கதவைத் தாண்டினதும் திரும்பிப் பார்க்காதே, அவசரப்பட்டுடாதே. இந்த இடத்துக்கு வந்து நின்னு, அப்புறம் திரும்பு. நான் ஜன்னல்ல நிப்பேன். அந்த நேரத்து வெயில் உன் முகத்துல சரியா விழும். எனக்கு நல்லாத் தெரியும்."

"அம்மா..."

"ஒரே தடவைதான்." அம்மாவின் குரல் உடைந்தது. "மறுபடின்னு சொல்லமாட்டேன்."

பாப்பாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். எந்தக் கண்ணில் முதலில் வந்தது என்று இருவரும் பார்க்கவில்லை. மாமா வாசல் பல்பில் ஏதோ பழுது இருப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பாப்பா அதைப் பார்த்தாள். அவள் நிற்கும் குறிக்குப் பக்கத்தில் இன்னொரு குறி. ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை, கோணல் மாணலாக, பழக்கமே இல்லாத கை போட்டது.

"இது யாருக்கும்மா?"

"எது?" அம்மா குனிந்து பார்த்தாள். புருவம் உயர்ந்தது. "நான் போட்டது ஒண்ணுதான். ஜன்னல்லேர்ந்து தெரியுதான்னு பார்க்க உள்ள போனேன், சாக்பீஸை இங்கதான் வச்சிட்டுப் போனேன். திரும்பி வந்து என் கோட்டைத்தான் சரி பண்ணினேன், இதைக் கவனிக்கலை."

இருவரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

அப்போது மாடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. கனமான பெட்டி எதையோ தரையோடு தேய்த்துக்கொண்டு, அறையைக் கடந்து, படிக்கட்டுப் பக்கமாக இழுத்து வருகிற சத்தம். பிறகு 'தொம்' என்று முதல் படி. அதோடு சேர்ந்து பெட்டிக்குள்ளிருந்து மெல்ல ஒரு 'ட்ரிங்.'

மூன்று பேரும் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

"பாப்பா" என்றாள் அம்மா. "அந்த பஸ்ல இயக்குநரே கிடையாதுன்னுதானே சொன்னே?"

பெட்டி அடுத்த படியில் இறங்கியது.